நான்கு கார்புரேட்டர்களும் இறுகிப்போன ரப்பரும்: 1980 சுசுகி ஜிஎஸ்850ஜி குறித்த நிகழ்வு ஆய்வு

வண்டியும் புகாரும்

இந்த ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட வண்டி 1980 மாடல் சுசுகி ஜிஎஸ்850ஜி. 843 சி.சி., வரிசையாக நான்கு சிலிண்டர், பின்சக்கரத்துக்குச் செயினுக்குப் பதில் ஷாஃப்ட், காற்றோடு பெட்ரோலைக் கலந்து தரும் கார்புரேட்டர்கள் சிலிண்டருக்கு ஒன்றாக நான்கு, மிக்குனி நிறுவனத்தின் பிஎஸ்32 வகை. முந்தைய ஆண்டு மாடலில் ஆக்சிலரேட்டர் கேபிளே ஸ்லைடை (காற்றுப்பாதையில் ஏறி இறங்கும் அடைப்பு) நேராகத் தூக்கும் விஎம் வகை இருந்தது. 1978 மாடல் ஆண்டு முதல் அமெரிக்காவில் மோட்டார்சைக்கிள்களுக்கான புகைக் கட்டுப்பாடு நடைமுறைக்கு வந்ததை ஒட்டி, ஜப்பானியப் பெரிய வண்டிகள் பலவும் வெற்றிட வகைக் கார்புரேட்டருக்கு மாறின. இவ்வகையில் கேபிள், பட்டர்ஃபிளை எனப்படும் வட்டத் தகட்டை மட்டுமே திருப்பும். ஸ்லைடு எவ்வளவு உயர வேண்டும் என்பதை அதன் தலையில் விரிந்திருக்கும் மெல்லிய ரப்பர் டயஃப்ரத்தின் மேலும் கீழும் உள்ள காற்றழுத்த வேறுபாடு தீர்மானிக்கும். எஞ்சினின் மூச்சுக்கு ஏற்பத் தன்னைச் சரிசெய்துகொள்ளும் நல்ல ஏற்பாடுதான். ஆனால் பித்தளையும் வார்ப்பு உலோகமும் செய்துவந்த வேலையில் பெரும்பங்கு இதனால் ரப்பரின் கைக்குப் போய்விட்டது. நாற்பது ஆண்டுகள் கழித்து அந்த வண்டியைப் பிரிப்பவர் சந்திக்கும் சிக்கல்கள் அனைத்தும் இதிலிருந்தே தொடங்குகின்றன.

வண்டி பல ஆண்டுகள் ஓடாமல் நின்றிருந்தது. என் கைக்கு வருவதற்கு முன்பே ஒரு பணிமனையில் கார்புரேட்டர்களைப் பிரித்துக் கழுவி, கடையில் கிடைக்கும் ரிப்பேர் கிட் ஒன்றைப் போட்டு, புதிய ஜெட்டுகளும் (பெட்ரோலை அளந்துவிடும் நுண்துளைப் பித்தளைத் துண்டுகள்) மாற்றியிருந்தார்கள். அதன் பிறகும் வண்டி சீராக நிற்கவில்லை. சூடான பின் ஆக்சிலரேட்டரை ஒருமுறை முறுக்கிவிட்டால் ஐடில் (ஆக்சிலரேட்டரை விட்டபின் எஞ்சின் ஓடும் வேகம்) நிமிடத்துக்கு மூவாயிரம் சுற்றுக்கு அருகிலேயே தொங்கி நின்று, பின் மனமில்லாமல் இறங்கியது. சமதளத்தில் மெதுவாகப் போகும்போது மிஸ்ஸிங் இருந்தது. பாதி ஆக்சிலரேட்டரைத் தாண்டியதும் நான்கு சிலிண்டர் வண்டிக்குரிய இழுவை இல்லை. இவற்றோடு, வண்டியைச் சில நாள் நிறுத்தி வைத்தால் எஞ்சின் ஆயிலின் அளவு கூடியது. அதில் பெட்ரோல் வாடையும் அடித்தது.

பிரிப்பதற்கு முன் பார்த்தவை

கடைசியாகச் சொன்ன புகாரைத்தான் முதலில் கவனிக்க வேண்டியிருந்தது. பெட்ரோல் கலந்த ஆயில் பேரிங்குகளைத் தேய்க்கும். பெட்ரோல் ஒரு சிலிண்டருக்குள் நிறைந்திருக்கையில் ஸ்டார்ட்டரை அழுத்தினால் கனெக்டிங் ராடு வளையவும் கூடும். ஆகவே ஆயிலை வடித்து, புதிது ஊற்றி, டேங்கைக் கழற்றிய பிறகே மற்றச் சோதனைகள் தொடங்கின. இந்த வண்டியின் பெட்ரோல் காக், எஞ்சின் ஓடும்போது இன்டேக்கில் உண்டாகும் வெற்றிடத்தால் திறந்து, எஞ்சின் நின்றதும் தானே மூடிக்கொள்ளும் வகை. டேங்கை உயரத்தில் வைத்து, வெற்றிடக் குழாய் மாட்டும் முனையில் விரலை வைத்துப் பார்த்தபோது விரல் நனைந்தது. காற்று மட்டுமே இருக்க வேண்டிய பாதை அது. அங்கே பெட்ரோல் வந்தால் காக்கின் உள்ளே டயஃப்ரம் கிழிந்திருக்கிறது என்பதைத் தவிர வேறு பொருள் கொள்ள முடியாது.

அடுத்துச் சிறிய துணை டேங்க் ஒன்றை மாட்டி எஞ்சினை ஓட்டி, ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி வரிசையாக வைத்துப் பார்த்தேன். முதல் இரண்டு சிலிண்டர்களின் பிளக்குகள் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்திருந்தன. மூன்றாவது புகைக்கரியாய்க் கறுத்திருந்தது. நான்காவது இயல்பான பழுப்பு நிறத்தில் இருந்தது. நான்கு கார்புரேட்டர்களையும் ஒரே கை, ஒரே நாளில், ஒரே கிட்டால் சரிசெய்திருக்க, நான்கும் மூன்று விதமாகப் பேசுவது அழுக்கின் அடையாளமாக எனக்குத் தோன்றவில்லை. ஐடிலில் ஓடவிட்டு கார்புரேட்டரை எஞ்சினோடு இணைக்கும் ரப்பர்க் குழாய்களான இன்டேக் பூட்டுகள் சிலிண்டர் ஹெட்டைச் சந்திக்கும் விளிம்பில் ஸ்பிரே பாட்டிலால் தண்ணீரைப் பீய்ச்சியபோது, முதல் இரண்டு இடங்களில் சுற்று தெளிவாகக் குறைந்தது. அங்கே காற்று திருட்டுத்தனமாக உள்ளே போய்க்கொண்டிருந்தது. இதே சோதனைக்குக் கார்புரேட்டர் கிளீனரைப் பயன்படுத்துவோர் உண்டு. சூடான எக்ஸாஸ்ட் குழாய்களுக்கு ஒரு சாண் தூரத்தில் தீப்பற்றும் திரவத்தைத் தெளிப்பதை நான் ஏற்பதில்லை. தண்ணீர் தரும் விடை இந்த வேலைக்குப் போதும்.

வால்வு இடைவெளியையும் கார்புரேட்டரைத் தொடுவதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும். இந்த எஞ்சினுக்குக் குளிர்நிலையில் 0.03 முதல் 0.08 மி.மீ. வரை அளவு. வால்வு இறுக்கமாக இருக்கும் சிலிண்டரில் வெற்றிடம் குறையும். வெற்றிடத்தை நம்பிய கார்புரேட்டர் அதற்கேற்பத் தவறாக நடந்துகொள்ளும். பழி கார்புரேட்டர் மேல் விழும். ஒரு வால்வு கீழ் எல்லைக்கும் கீழே இருந்ததால் அதன் ஷிம் (இடைவெளியைச் சரிசெய்யும் சிறு தகடு) மாற்றப்பட்டது.

பிரித்தபோது

ஜப்பானிய வண்டிகளின் குறுக்குத்தலை ஸ்க்ரூக்கள் ஜேஐஎஸ் எனப்படும் ஜப்பானியத் தொழில் தரத்தின் அளவில் வெட்டப்பட்டவை. சாதாரண பிலிப்ஸ் ஸ்க்ரூடிரைவரின் முனை அவற்றின் அடிவரை உட்காராமல் மேலேறி நழுவித் தலையைச் சிதைத்துவிடும். முந்தைய கை விட்டுச்சென்ற தடயங்கள் பவுல் (கார்புரேட்டரின் அடியில் பெட்ரோல் தேங்கும் கிண்ணம்) ஸ்க்ரூக்களின் தலையில் அப்படியே இருந்தன. ஜேஐஎஸ் முனையும், வெப்பமும், ஒரு சிறு தட்டும் சேர்ந்தால் பெரும்பாலானவை இளகிவிடும்.

பவுலில் பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் மிதவையின் அச்சு ஊசியைத் தாங்கும் இரு தூண்களைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். அவை பவுலின் வாய்க்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய வார்ப்புத் தூண்கள். ஊசி ஒரு தூணில் இறுக்கமாகவும் மறுதூணில் தளர்வாகவும் இருக்கும். இறுக்கமான பக்கத்தைத் தாங்கிப் பிடிக்காமல் சுத்தியலால் தட்டினால் தூண் முறியும். முறிந்த தூணுக்கு ரப்பர்போல மாற்று வாங்க முடியாது. வேறொரு கார்புரேட்டர் உடலைத்தான் தேட வேண்டும். ஊறும் எண்ணெய் விட்டு, தூணின் பின்புறம் மரத்துண்டு ஒன்றை முட்டுக்கொடுத்து, மெல்லிய ஊசித்தள்ளியை விரலால் அழுத்தியே நான்கையும் எடுத்தேன்.

மூன்றாவது கார்புரேட்டரின் பவுலைத் திறந்ததும் கறுத்த பிளக்குக்கான காரணம் தெரிந்தது. இந்தக் கார்புரேட்டரில் மெயின் ஜெட்டின் தூணும் ஐடிலுக்கான சிறு ஜெட்டான பைலட் ஜெட்டின் தூணும் அருகருகே இருக்கும். பைலட் ஜெட்டின் தூணைக் கீழிருந்து சிறிய ரப்பர் மூடி ஒன்று அடைக்கிறது. அதனால் பைலட் ஜெட்டுக்கான பெட்ரோல் பவுலிலிருந்து நேராக வராமல், மெயின் ஜெட்டைக் கடந்து ஒரு குறுக்குத் துளை வழியாகவே வந்துசேர வேண்டும். மூடி இல்லையென்றால் அந்தக் கட்டுப்பாடு போய், ஐடிலில் கலவை கெட்டியாகிவிடும். மற்ற மூன்றிலும் மூடி இருந்தது, மூன்றாவதில் இல்லை. சுண்டுவிரல் நகத்தில் அடங்கிவிடும் இந்தக் கறுப்பு ரப்பர்த் துண்டைக் கழுவும் தட்டில் யாரும் தவறவிடலாம். மேலும், துளையை அடைத்திருக்கும் ஒன்றைப் பார்த்தவுடன் அது அடைப்பு என்று எண்ணி எறிந்துவிடவும் கூடும்.

ஐடில் கலவையைச் சரிசெய்யும் மிக்ஸ்சர் ஸ்க்ரூவின் துளைகளில் வேறொரு கதை. அமெரிக்கச் சந்தைக்கான வண்டிகளில் இந்த ஸ்க்ரூவின் மேல் உலோக மூடி அடித்திருப்பார்கள். இதில் அது முன்பே துளையிட்டு எடுக்கப்பட்டிருந்தது. ஸ்க்ரூவின் முனைப்பக்கமாக முதலில் ஓ-ரிங் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்), அதன் பின் வாஷர், அதன் பின் ஸ்பிரிங் என்ற வரிசையில் உட்கார வேண்டும். இரண்டு துளைகளில் பழைய ஓ-ரிங் உள்ளேயே ஒட்டிக் கிடக்க, அதன்மேல் புதியது ஏற்றப்பட்டிருந்தது. இத்தகைய துளையில் டார்ச்சை நேராக அடித்துப் பார்த்தாலும் பழைய வளையம் தெரிவதில்லை, ஏனெனில் அது துளையின் சுவரோடு சுவராக இறுகி, அதே நிறத்துக்கு வந்திருக்கும். முனையை வளைத்த மெல்லிய பித்தளைக் கம்பியைச் சுவரை ஒட்டிச் சுழற்றினால் ஓரிடத்தில் தட்டும். அங்கே கொக்கியை மாட்டி இழுத்தால் வளையம் வளையமாக வராது, கரித்துண்டுகளாக உதிர்ந்து வரும். எஃகு ஊசியால் குத்தித் தோண்டினால் ஸ்க்ரூ முனை உட்காரும் நுண்ணிய இருக்கை கீறிப்போகும். பிறகு எந்த ஓ-ரிங்கும் அதைக் காப்பாற்றாது.

பட்டர்ஃபிளை ஷாஃப்டின் இரு முனைகளிலும் உள்ள சீல்கள், கார்புரேட்டர்களை ஒன்றோடொன்று இணைக்கும் பெட்ரோல் குழாய்களின் ஓ-ரிங்குகள், சோக் பிளஞ்சரின் முனையில் பதித்த ரப்பர் முகம் ஆகியவை முந்தைய வேலையில் தொடப்படவே இல்லை. அவற்றை எடுக்க வேண்டுமானால் வரிசையையே உடைத்துத் தனித்தனியாக்க வேண்டும். கிட்டிலும் அவை வருவதில்லை. இங்கே என் கருத்தை ஒளிக்காமல் சொல்வது நல்லது. கிட் என்ற பெயரில் விற்கப்படும் பொட்டலங்கள் பெரும்பாலும் தேயாத பித்தளையை மாற்றச் சொல்லி, கெட்டுப்போன ரப்பரை விட்டுவிடுகின்றன. பித்தளை ஜெட்டின் துளை பெட்ரோல் ஓடுவதால் கண்ணுக்குத் தெரியும்படி பெரிதாவதில்லை, அழுக்கடைந்தால் கழுவலாம். ஜெட் நீடிலும் அது ஏறி இறங்கும் நீடில் ஜெட்டும் மட்டும் இதற்கு விலக்கு. அவை ஒன்றையொன்று உரசித் தேய்பவை. இந்த வண்டியில் அதிர்ஷ்டவசமாகப் பழைய ஜெட்டுகளை ஒரு பையில் போட்டு வைத்திருந்தார்கள். புதிய ஜெட்டுகளில் அதே எண் பொறிக்கப்பட்டிருந்தும், உருப்பெருக்கியின் கீழ் துளையின் வாய் ஒன்றில் பிசிறாகவும் மற்றொன்றில் சாய்வாகவும் இருந்தது. பழையவையே கழுவித் திரும்பப் போடப்பட்டன.

கடைசியாக நான்காவது கார்புரேட்டர். பிளக் நிறம் சரி, ஐடில் சரி, ஆனால் இழுவை இல்லை என்ற புதிருக்கு விடை டயஃப்ரத்தில் இருந்தது. ஸ்லைடை மேலே தூக்கி, டயஃப்ரத்தின் கீழறைக்குச் செல்லும் காற்றுத் துளையை விரலால் அடைத்தபடி ஸ்லைடைக் கைவிட்டால், நல்ல நிலையில் உள்ள ஸ்லைடு தயங்கித் தயங்கி இறங்கும். நான்காவது சட்டென்று விழுந்தது. டயஃப்ரத்தை விளக்கின் முன் பிடித்து விரல்களால் மெல்ல விரித்தபோது, மடிப்பு விழும் வட்டத்தில் ஊசிமுனை அளவில் இரண்டு ஒளிப்புள்ளிகள் தெரிந்தன. ஐடிலில் ஸ்லைடுக்கு வேலையில்லை என்பதால் குறை அங்கே தெரியவில்லை. ஸ்லைடு உயர வேண்டிய இடத்தில் அழுத்தம் ஒழுகியது.

உலோகப் பகுதிகளைக் கழுவியது பற்றி நீட்ட வேண்டியதில்லை. எல்லா ரப்பரையும் எடுத்த பிறகு, மிதமான காரத்தன்மை கொண்ட கரைசலில் 50 டிகிரி செல்சியஸ் அளவில் அல்ட்ராசானிக் தொட்டி, பின் வெந்நீர், பின் அழுத்தக் காற்று. காரம் கூடினால் வார்ப்பு உலோகம் கறுக்கும். பைலட் பாதையில் கிளீனரைச் செலுத்தினால் அது மிக்ஸ்சர் ஸ்க்ரூ துளையிலும், பட்டர்ஃபிளையின் விளிம்பருகே உள்ள நுண்துளைகள் ஒவ்வொன்றிலும் தனித்தனி இழையாக வெளிவர வேண்டும். வராத துளைக்குக் கழுவல் மறுபடியும் தேவை.

ரப்பர் தேடல்

பிரித்தெடுத்த ரப்பர் அனைத்தையும் மேசையில் பரப்பி மூன்று கூறாகப் பிரித்தேன்: அளவு தெரிந்தால் எங்கும் வாங்கக்கூடியவை, அச்சில் வார்த்தெடுத்த வடிவம் என்பதால் அதே பாகமாகவே தேட வேண்டியவை, தேடியும் கிடைக்காமல் வேறு வழி பார்க்க வேண்டியவை. பழைய வண்டிக்காரர்கள் பலரும் ரப்பர் கிடைக்கவில்லை என்று சொல்லும்போது இம்மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறார்கள். இந்த வண்டியில் எண்ணிக்கையில் மிகப் பெரும்பகுதி முதல் கூறில்தான் விழுந்தது. அவை வெறும் ஓ-ரிங்குகள். சுசுகியின் பாக எண்ணில் 09280 என்று தொடங்குபவை ஓ-ரிங்குகளே. அந்த எண்ணில் பாகம் நிறுத்தப்பட்டுவிட்டது என்று பட்டியல் சொன்னாலும், அதே அளவு வளையம் உலகில் தயாரிக்கப்படாமல் போய்விட்டது என்று பொருளாகாது.

அளவெடுப்பதில்தான் நுட்பம் இருக்கிறது. பழைய ஓ-ரிங்கைக் கேலிப்பரால் அளந்து அதேபோல் வாங்குவது இயல்பாகத் தோன்றும் வழி; ஆனால் பல ஆண்டுகள் நசுங்கியிருந்த வளையம் தட்டையாகி, சுருங்கியோ ஊதியோ போயிருக்கும். முதல் இன்டேக் பூட்டிலிருந்து வந்த வளையத்தின் குறுக்குவெட்டு வட்டமாக இல்லை. நான்கு மூலைகள் கொண்ட பட்டையாக, நகத்தால் அழுத்தினால் தடம் பதியாத அளவு இறுகியிருந்தது. எனவே அளக்க வேண்டியது வளையம் உட்காரும் பள்ளத்தை. அசையாத இணைப்பில் வளையம் தன் தடிமனில் 15 முதல் 30 சதவீதம் வரை நசுங்க வேண்டும். பட்டர்ஃபிளை ஷாஃப்ட் போல் சுழலும் இடத்தில் அதைவிடக் குறைவாக.

இந்தக் கணக்கு எங்கே உதவுகிறது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. ஜப்பானிய வண்டிகளின் பள்ளங்கள் ஜேஐஎஸ் பி 2401 தரத்தை ஒட்டி வெட்டப்பட்டவை; அதன் பி வரிசையில் வளையத் தடிமன் 1.9, 2.4, 3.5 மி.மீ. என்று போகும். அமெரிக்க ஏஎஸ்568 தரத்தில் 1.78, 2.62, 3.53 என்று போகும். பள்ளம் 1.6 மி.மீ. ஆழம் என்றால் 1.9 வளையம் ஏறத்தாழ 16 சதவீதம் நசுங்கும்; 1.78 வளையம் 10 சதவீதம்தான் நசுங்கும். கையில் வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். மாட்டினால் இரண்டும் உட்காரும். சில மாதம் கழித்து ஒன்று ஒழுகும். ஜேஐஎஸ் வரிசைக்குள்ளேயும் கவனம் தேவை. பி10 என்பதும் பி10ஏ என்பதும் 9.8 மி.மீ. உள்விட்டம் கொண்டவையே, ஆனால் தடிமன் முன்னதில் 1.9, பின்னதில் 2.4. வாங்கும்போது அந்த ஓர் எழுத்தை விட்டுவிட்டால் பெட்ரோல் குழாய் அதன் துளைக்குள் நுழையவே மறுக்கும்.

அளவுக்கு அடுத்தது பொருள். கறுப்பாக இருப்பதெல்லாம் பெட்ரோல் தாங்கும் என்று நம்பக்கூடாது. ஈபிடிஎம் ரப்பரும் கறுப்புத்தான். பிரேக் திரவத்துக்கு அது நல்லது, பெட்ரோலில் ஊதிப் பயனற்றதாகிவிடும். சாதாரண சிலிகானும் பெட்ரோலில் நிற்காது. நைட்ரைல் எனப்படும் என்பிஆர் வகையிலும் ஒன்றல்ல பல உண்டு. ஜேஐஎஸ்ஸின் பழைய வகைப்பாட்டில் 1ஏ என்பது தாது எண்ணெய்க்கு, 2 என்பது பெட்ரோலுக்கு, 4டி என்பது எஃப்கேஎம் எனப்படும் ஃப்ளூரோரப்பர். எத்தனால் கலந்த பெட்ரோல் பரவலாகிவிட்ட இன்றைய நிலையில், அசையாத ஓ-ரிங்குகள் அனைத்துக்கும் எஃப்கேஎம் 70 ஷோர் ஏ கடினத்தில் எடுத்தேன். கடுங்குளிரில், சுழியத்துக்குக் கீழ் 20 டிகிரியை நெருங்கும்போது, எஃப்கேஎம் விறைக்கும் என்பது அதன் குறை. அந்தக் குளிரில் இந்த வண்டி ஓடப்போவதில்லை.

எஃப்கேஎம் என்ற பெயரில் சாதாரண ரப்பரை விற்பதும் நடக்கிறது. பழுப்பு நிறம் சான்றாகாது. நிறத்தை எந்த ரப்பரிலும் கலக்கலாம். எடை பொய் சொல்லாது. எஃப்கேஎம் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 1.8 கிராம் அளவில் இருக்கும்; நைட்ரைல் 1.2 அளவில். ஒரே அளவுள்ள வளையங்களைக் கொத்தாக நூலில் கோத்து, துல்லியத் தராசில் காற்றிலும் தண்ணீருக்குள்ளும் எடைபோட்டால் வேறுபாடு உடனே தெரியும். ஒரு பையிலிருந்து வந்தவை இந்தச் சோதனையில் தேறவில்லை. அவை பெட்ரோல் படாத இடங்களுக்கென ஒதுக்கப்பட்டன.

இரண்டாவது கூறில் பைலட் மூடி, டயஃப்ரம், பவுல் கேஸ்கெட், இன்டேக் பூட், காக்கின் டயஃப்ரம் ஆகியவை. இவற்றைத் தேடும்போது வண்டியின் பெயரை மறந்துவிட்டுக் கார்புரேட்டரின் பெயரில் தேடுவதே பலன் தந்தது. மிக்குனி தன் சிறு பாகங்களைப் பல நிறுவனங்களின் பல மாடல்களுக்கும் பொதுவாக வைத்திருந்தது. பைலட் மூடி அதே காலத்தின் வேறு பிஎஸ் வகைகளிலும் வருகிறது. சுசுகி பாக எண்ணின் இரண்டாம் தொகுதி இலக்கங்கள், அந்தப் பாகம் முதலில் எந்த மாடலுக்காக வடிவமைக்கப்பட்டது என்பதைப் பெரும்பாலும் காட்டும். ஜிஎஸ் வரிசையின் உடன்பிறப்பு மாடல்களுக்கான பாக வரைபடங்களை அருகருகே வைத்து எண்களை ஒப்பிட்டால், நம் மாடலின் பெயரில் இல்லாத பாகம் வேறொன்றின் பெயரில் கையிருப்பில் இருப்பது தெரியவரும்.

அப்படித் தேடும்போது, 1980களிலேயே உறையிடப்பட்டுப் பிரிக்காமல் கிடக்கும் அசல் பாகங்கள் கண்ணில் படும். உலோகப் பாகமென்றால் அது புதையல். ரப்பர் என்றால் நான் விலகிவிடுவேன். ரப்பர்ப் பொருள்களைச் சேமிப்பது பற்றிய ஐஎஸ்ஓ 2230 தரம், நைட்ரைலுக்கு முதற்கட்டமாக 7 ஆண்டும், சோதித்துப் பார்த்தபின் கூடுதலாக 3 ஆண்டுமே தருகிறது. எஃப்கேஎம்முக்கு 10 ஆண்டும் கூடுதலாக 5 ஆண்டும். அதுவும் வெளிச்சம், வெப்பம், ஓசோன் படாமல் வைத்திருந்தால். நாற்பது ஆண்டு உறைக்குள் இருந்த டயஃப்ரம் வண்டியில் இருந்ததைவிடச் சற்று நன்றாக இருக்கலாம், அவ்வளவே. இன்று வார்க்கப்பட்ட மாற்றுப் பாகம் அச்சுத் துல்லியத்தில் சற்றுக் குறைந்தாலும் ரப்பரைப் பொறுத்தவரை எனக்கு அதுவே மேல்.

டயஃப்ரம் பொதுவாக ஸ்லைடோடு சேர்த்தே விற்கப்பட்ட பாகம். ரப்பரை மட்டும் தனியாக வார்த்து, பழைய ஸ்லைடில் ஒட்டும் வகை இப்போது கிடைக்கிறது. நான்காவது ஸ்லைடிலிருந்து பழைய ரப்பரை வளையத்தோடு நீக்கி, உலோகத்தைச் சுத்தமாக்கி, காற்றுத் துளையை நோக்கும் சிறு நாக்கு எந்தக் கோணத்தில் இருந்தது என்று முன்பே குறித்து வைத்திருந்ததன்படி புதியதை ஒட்டினேன். மற்ற மூன்றும் ஓட்டையில்லாமல், மடித்தால் வெடிக்காமல் இருந்ததால் மாற்றவில்லை. ஊசித்துளைகளைப் பசையால் அடைக்கும் வழக்கமும் உண்டு. பசை காய்ந்த இடம் விறைத்துவிடும். மடிப்பு அதன் விளிம்புக்கு நகரும். அடுத்த கிழிசல் அங்கே விழும். இன்னொரு எச்சரிக்கை: டயஃப்ரத்தின் மேல் கார்புரேட்டர் கிளீனர் பட்டால் அது ஊதி, விளிம்பு அதன் பள்ளத்தில் உட்கார மறுக்கும். அப்படி நேர்ந்தால் எறிந்துவிட வேண்டியதில்லை. திறந்த காற்றில் ஓரிரு நாள் விட்டுவைத்தால் பெரும்பாலும் பழைய அளவுக்குச் சுருங்கிவிடும்.

பவுல் கேஸ்கெட் நான்கில் மூன்று நல்ல வார்ப்பாகக் கிடைத்தன. மீதமிருந்த ஒன்றுக்குப் பெட்ரோல் தாங்கும் நைட்ரைல் தாளைப் பவுலின் விளிம்பை வைத்து வரைந்து, கூர்மையான புதுக் கத்தியால் வெட்டிக்கொண்டேன். ஸ்க்ரூத் துளைகளைக் குழாய்ப் பஞ்சால் முதலில் அடித்துவிட்டுப் பிறகே ஓரத்தை வெட்ட வேண்டும். முறையை மாற்றினால் மெல்லிய ஓரம் இழுபட்டுத் துளை நகர்ந்துவிடும். தாளின் தடிமன் பழையதை ஒத்திருப்பது முக்கியம், ஏனெனில் பவுல் இறங்கி உட்காரும் உயரம் அதைப் பொறுத்தது.

இன்டேக் பூட்டுகள் புதிதாகவே வாங்கப்பட்டன. பழையவற்றின் உலோகத் தகட்டிலிருந்து ரப்பர் பிரியத் தொடங்கியிருந்தது. அந்த இடத்தில் சமாதானம் செய்துகொள்ள இயலாது.

மூன்றாவது கூறில் கடைசியில் மிஞ்சியவை ஏர்பாக்ஸையும் (காற்று வடிகட்டிப் பெட்டி) கார்புரேட்டரையும் இணைக்கும் பூட்டுகள் மட்டும். இவை கிழியவில்லை, ஆனால் வளைய மறுத்தன. வின்டர்கிரீன் எண்ணெயையும் சைலீனையும் கலந்து ஊறவைத்து ரப்பரை இளக்கும் முறை பழைய வண்டிக்காரர்களிடையே பரவலானது. காற்றோட்டமுள்ள இடத்தில், கையுறை போட்டு, மூடிய பாத்திரத்தில் செய்ய வேண்டிய வேலை இது. அந்த எண்ணெயின் மெத்தில் சாலிசிலேட் தோல் வழியாக உடலுக்குள் ஏறும், சிறிதளவு விழுங்கினாலே நஞ்சு. ஊறவைத்த பூட்டுகள் நன்றாக வளைந்தன, சற்றே பெரிதாகவும் ஆயின. இந்த மென்மை நிலையானதல்ல. எண்ணெய் மெல்ல வெளியேறும்போது ரப்பர் மறுபடி இறுகும். ஏர்பாக்ஸ் பக்கம் வடிகட்டிய காற்றைக் கொண்டுவருவதோடு பூட்டின் கடமை முடிகிறது என்பதால் அங்கே இதை ஏற்றேன். எஞ்சினின் முழு வெற்றிடத்தையும் தாங்கும் இன்டேக் பக்கத்தில் இப்படி ஊறவைத்த பழைய பூட்டைப் போடுவது குறையைச் சில மாதம் தள்ளிப்போடுவதே தவிர வேறில்லை.

மறுபடி சேர்த்தல்

பட்டர்ஃபிளை ஸ்க்ரூக்களின் வால் தொழிற்சாலையிலேயே நசுக்கப்பட்டிருக்கும். அந்த நசுக்கலை நுண்ணரத்தால் தேய்த்து எடுத்த பிறகே திருப்ப வேண்டும். இல்லையேல் ஷாஃப்டின் மரையும் சேர்ந்து போகும். பட்டர்ஃபிளையின் விளிம்பு சாய்வாக வெட்டப்பட்டது, ஆகவே ஒவ்வொன்றும் அதே முகம், அதே பக்கம் திரும்பிப் போக வேண்டும். புதிய ஸ்க்ரூக்களைத் திரெட்லாக்கரோடு முடுக்கி, வால்களைத் திரும்பவும் நசுக்கினேன். இங்கே கழன்ற ஸ்க்ரூ போகும் ஒரே இடம் சிலிண்டர்.

மிதவையின் உயரம், கேஸ்கெட் இல்லாமல் உடலின் விளிம்பிலிருந்து, 22.4 மி.மீ.; ஒரு மி.மீ. கூடவோ குறையவோ செய்யலாம். கார்புரேட்டரைச் சாய்த்துப் பிடித்து, மிதவையின் நாக்கு ஊசி வால்வின் ஸ்பிரிங் முனையைத் தொட்டும் அழுத்தாமலும் இருக்கும் தருணத்தில் அளப்பதே முறை. தலைகீழாக வைத்து அளந்தால் மிதவையின் எடை ஸ்பிரிங்கை அமுக்கி, தவறான எண்ணைக் காட்டும்.

நான்கையும் ஒரே சட்டத்தில் பூட்டும்போது கண்ணாடித் தகட்டின் மேல் வைத்து இறுக்கினேன், வரிசை முறுக்கிக்கொள்ளாமல் இருக்க. பட்டர்ஃபிளைகள் நான்கின் இடுக்கிலும் ஒரே மெல்லிய கம்பி ஒரே இறுக்கத்தில் நுழையும்வரை மேசையிலேயே சமப்படுத்திவிட்டால், பிறகு வெற்றிட மீட்டர் வைத்துச் செய்யும் சமன் சில நிமிட வேலையாகிவிடும். அதற்கு முன் துணை டேங்கை மாட்டி, பவுல்கள் நிறைந்த நிலையில் ஓரிரவு தாளின் மேல் வைத்ததில் தாள் நனையவில்லை.

ஓட்டிப் பார்த்தபின்

வெற்றிட மீட்டரில் முதலில் ஒன்று–இரண்டு, மூன்று–நான்கு என இணைகளையும், பின்பு நடுவில் உள்ள ஸ்க்ரூவால் இரண்டு இணைகளையும் சமன்செய்தேன். மிக்ஸ்சர் ஸ்க்ரூக்களைத் தனித்தனியே மிக உயர்ந்த ஐடில் கிடைக்கும் இடத்தில் நிறுத்தி, ஐடிலை 1,050 சுற்றுக்கு அருகில் வைத்தபோது, ஆக்சிலரேட்டரை முறுக்கிவிட்டால் சுற்று தொங்காமல் நேராக இறங்கியது. சிலநூறு கிலோமீட்டருக்குப் பிறகு பிளக்குகள் நான்கும் ஒரே பழுப்பு. மேல் சுற்றுகளில் நான்காவது சிலிண்டர் மற்றவற்றோடு சேர்ந்து இழுத்தது. டயஃப்ரம் மாற்றிய காக்கின் வெற்றிடக் குழாய் உலர்ந்தே இருந்தது. ஆயிலின் அளவும் கூடவில்லை.

முழு வேலையிலும் எடுத்த அளவுகளை, ஒவ்வொரு பள்ளத்தின் ஆழம், போட்ட வளையத்தின் ஜேஐஎஸ் எண், ரப்பரின் வகை என்று அட்டவணையாக எழுதி வண்டியின் கோப்பில் வைத்திருக்கிறேன். இன்டேக் பூட்டின் ஸ்க்ரூக்களையும் கிளாம்ப்களையும் முதல் சில வெப்பச் சுற்றுகளுக்குப் பின் மறுமுறை பார்த்ததில் இரண்டு கிளாம்ப்கள் சற்றுத் தளர்ந்திருந்தன. புதிய ரப்பர் அடங்கும்போது இது எதிர்பார்க்கத்தக்கதே. நீண்ட நாள் நிறுத்துமுன் பவுல்களை வடித்துவிட வேண்டும். தீராமல் நிற்பது ஏர்பாக்ஸ் பூட்டுகள். அவை இப்போதே ஓரங்களில் இறுகத் தொடங்கிவிட்டன. நான்கில் வடிவம் கெடாத ஒன்றைத் தெரிந்தெடுத்து, அதிலிருந்து அச்செடுத்துப் பாலியூரிதேனில் வார்த்துப் பார்ப்பது அடுத்த முறை கார்புரேட்டர்களை இறக்கும்போது செய்ய வேண்டிய வேலை.